வில்லனின் வாயால் ஒரு விமர்சனம்

கெவின் ஸ்மித் எழுதி இயக்கிய ‘மால்ராட்ஸ்’ படத்தை இன்றும் விரும்பிப் பார்ப்பவர்கள்மீது விமர்சகர் ஒருவர் தன் கட்டுரையில் நீளமான குற்றப்பத்திரிகை வாசித்திருக்கிறார். 1995இல் வெளியான இந்தப் படம் திரையரங்கில் படுதோல்வி அடைந்தது, எடுத்தவரே மேடையேறி மன்னிப்புக் கேட்டார், ஆகவே இதை ரசிப்பது பழைய நினைவில் மயங்கிக் கிடப்பது என்கிறார். வேலைவெட்டி இல்லாத இருவரை நாயகர்களாக்கிச் சோம்பேறித்தனத்துக்குப் பல்லக்குத் தூக்குகிறது என்கிறார். ஷாப்பிங் மாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதால் இது நுகர்வுக்கு எடுத்த விளம்பரம் என்கிறார். கதை என்று எதுவும் இல்லை, வெறும் வாய்ச்சவடால் என்று முடிக்கிறார்.

இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது. தப்பான வாதங்கள் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் பேசாமல் கடந்துபோயிருப்பேன். நான்குக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது: விற்காததற்கு மதிப்பில்லை, வாங்காதவனுக்கு இடமில்லை. அந்த நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பதுதான் இந்தப் படத்தின் வேலையே. அதைப் படத்துக்குள் வாய்விட்டுச் சொல்லும் ஆள் ஒருவன் உண்டு. அவன்தான் வில்லன். கட்டுரையாளர் அவனுடைய வசனத்தை எடுத்து விமர்சனம் என்று நீட்டியிருக்கிறார்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. இடம், நியூ ஜெர்சியின் புறநகர். ப்ரோடி, டி.எஸ். இருவரும் நண்பர்கள். ஒரே நாளில் இருவரையும் காதலிகள் விட்டுப் பிரிகிறார்கள். டி.எஸ்ஸின் காதலி பிராண்டி, தன் அப்பா தயாரிக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் கடைசி நேரத்தில் பங்கேற்க வேண்டியதாகிறது. அவளை ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போய்த் திருமணப் பேச்சை எடுக்கலாம் என்றிருந்த டி.எஸ். அவளோடு சண்டை போடுகிறான். ப்ரோடியின் காதலி ரெனே கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மனசு சரியில்லாத இருவரும் போகும் இடம் மால். அந்தப் போட்டி நிகழ்ச்சி படமாகப்போவதும் அங்கேதான். அங்கேயே துணிக்கடை மேலாளராக இருக்கிறான் ஷானன் ஹாமில்டன். பென் அஃப்லெக் நடித்த பாத்திரம். ரெனேயை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

ஷானன் ப்ரோடியைப் பிடித்து அடிக்கும் காட்சி ஒன்று வருகிறது. அடிக்கும்போது அவன் சொல்லும் காரணத்தைக் கட்டுரையாளர் காதில் வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பயல்கள் நாள் முழுக்க மாலில் கிடக்கிறார்கள், சொந்த வீடு போல நடந்துகொள்கிறார்கள், ஒன்றும் வாங்குவதில்லை, வாங்கும் நோக்கமே இல்லாத ஆட்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. இதுதான் அவன் பேச்சின் சாரம். படத்தின் அச்சாணி இங்கே இருக்கிறது. காதலியைப் பறித்தவன் என்பதோடு, காசில்லாமல் ஓர் இடத்தில் இருப்பவனைக் குற்றவாளியாகப் பார்ப்பவன் என்பதற்காகவும் ஷானனைப் படம் வில்லனாக நிறுத்துகிறது.

இதைப் பார்த்த பிறகும் ஒருவர் இதை நுகர்வு விளம்பரம் என்று எழுதுவாரானால், அவர் படத்தைக் கவனமாகப் பார்க்கவில்லை. விளம்பரத்தில் பொருளை வாங்கியவன் சிரிப்பான். இங்கே வாங்காதவன் சிரிக்கிறான். கடை நடத்துகிறவன் கடைசியில் சிறைக்குப் போகிறான்.

மாலை வெறும் பின்னணி அட்டை என்று நினைக்கிற கட்டுரையாளருக்கு அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் நியூ ஜெர்சியில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும் எடுக்கப்பட்டது மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரை அடுத்த ஈடன் ப்ரெய்ரியில். அங்கே 1976இல் திறக்கப்பட்ட ஈடன் ப்ரெய்ரி சென்டர்தான் படத்தில் நாம் காணும் மால். பக்கத்து ஊர் எடைனா. கூரை மூடி, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அமெரிக்காவின் முதல் மால் என்று வரலாற்றில் இடம்பெற்ற சவுத்டேல் 1956இல் திறக்கப்பட்டது எடைனாவில்தான். இரண்டு ஊர்களையும் ஒட்டியிருக்கும் ப்ளூமிங்டனில் 1992இல் மால் ஆஃப் அமெரிக்கா வந்தது. அமெரிக்க மாலின் பிறப்பும் அதன் உச்சமும் இந்தப் படத்தின் படப்பிடிப்புத் தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சவுத்டேலை வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவில் பிறந்தவர். யூதரான அவர் 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தார். கார் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாத அமெரிக்கப் புறநகரில், மக்கள் கூடிப் பேசவும் காலாற நடக்கவும் தன் பழைய ஊரில் இருந்தது போன்ற ஒரு நடுமையம் வேண்டும் என்பது அவர் கனவு. மாலைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் வரும் என்று திட்டம் போட்டார். வந்தவை கடைகளும் கார் நிறுத்தும் வெளியும்தான். கடைசிக் காலத்தில் தன் பெயரில் முளைத்த அந்தக் கட்டடங்களுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று வெளிப்படையாகவே கைகழுவினார். ஆனால் வணிக உலகம் அவர் பெயரை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒன்றை வாங்க வந்தவன் உள்ளே நுழைந்ததும் வழியும் நோக்கமும் மறந்து கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தொடங்கும் அந்தத் தருணத்துக்கு ‘க்ரூயன் ட்ரான்ஸ்ஃபர்’ என்று பெயர் வைத்தது.

சும்மா சுற்றுகிறவனை வாங்குகிறவனாக மாற்றுவதற்கென்றே கட்டப்பட்ட கட்டடம் மால். ப்ரோடியும் டி.எஸ்ஸும் அதற்குள் அவ்வளவு சுற்றியும் மாறுவதில்லை. கட்டடம் தோற்றுப்போகிறது. க்ரூயன் கனவு கண்ட ஊர்நடுவை அந்த இரண்டு பேர் தங்கள் அரட்டையால் கொஞ்ச நேரத்துக்கு உண்டாக்கிவிடுகிறார்கள். தெரிந்தவனைப் பார்க்கிறார்கள், பழைய காதலியோடு பேசுகிறார்கள், பகையாளியோடு மோதுகிறார்கள், பெரியவர் ஒருவரிடம் அறிவுரை கேட்கிறார்கள். ஒரு கடைத்தெருவில் மனிதர்கள் செய்யும் காரியங்கள் எல்லாவற்றையும் செய்கிறார்கள், வாங்குவதைத் தவிர. இந்தப் படத்தின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சில்லை. மால் யாருக்குச் சொந்தமான வெளி என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் பல்லாண்டுகள் விசாரித்த கேள்வி. போர்ட்லேண்ட் நகரத்து மால் ஒன்றில் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் வெளியேற்றப்பட்ட வழக்கில், மால் தனியார் சொத்து, அங்கே பேச்சுரிமை கோர முடியாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1994 டிசம்பரில் வேறு பாதையில் போனது. வளைகுடாப் போரை எதிர்த்த குழு தொடுத்த அந்த வழக்கில், பழைய நகர்மையத்தின் இடத்தை மால்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, ஆகவே அங்கே துண்டறிக்கை கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சிக்காரர் ஒருவர், நியூ ஜெர்சி மாலில் நடக்கும் கதை ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தார். நீதிபதிகள் சட்டமொழியில் எழுப்பிய கேள்வியை ஸ்மித் கெட்ட வார்த்தைகளோடு எழுப்பினார். கேள்வி ஒன்றேதான்: வாங்காதவன் இங்கே இருக்கலாமா?

விடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் தெரியும். 1996 அக்டோபரில் மால் ஆஃப் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் உள்ளே இருக்கக் கூடாது. ஷானனின் எரிச்சல் ஒரே ஆண்டில் விதிப்பலகை ஏறிவிட்டது.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1990-91இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதத்தைத் தொட்டது. படித்துவிட்டு வெளியே வந்த தலைமுறைக்குக் கிடைத்தவை கடைக் கவுண்டர்களும் குறைந்த கூலியும். அந்தத் தலைமுறையைப் பெரியவர்கள் சோம்பேறிகள் என்றார்கள். அந்த வசையையே தலைப்பாக்கி ரிச்சர்ட் லிங்க்லேட்டர் டெக்சஸின் ஆஸ்டினில் ‘ஸ்லாக்கர்’ எடுத்தார். அதைப் பார்த்துத்தான் தானும் படம் எடுக்கலாம் என்று ஸ்மித்துக்குத் தோன்றியது. நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த குவிக் ஸ்டாப் கடையில், பகலில் கல்லாவில் நின்றுவிட்டு, இரவில் கடை மூடிய பிறகு கருப்பு வெள்ளையில் ‘க்ளெர்க்ஸ்’ எடுத்தார். செலவு சுமார் 27,000 டாலர். 1994இல் வந்த அந்தப் படத்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் படும் பாட்டைச் சொன்னவர், அடுத்த படத்தில் கவுண்டருக்கு முன்னால் திரிபவர்களின் கதையைச் சொன்னார். இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஒருவருக்குக் கட்டுரையாளர் உழைப்பின் அருமையைப் போதிக்கிறார்.

மேலும், படம் ப்ரோடியைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது என்பது பொய். அவனுடைய குறைகளை முதல் காட்சிகளிலேயே ரெனே அடுக்கிவிடுகிறாள். நேரத்துக்கு எழுவதில்லை, காதலி பக்கத்தில் இருக்கும்போதும் வீடியோ கேமில் மூழ்குகிறான், ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவிடம்கூட அவளை அறிமுகப்படுத்தாமல் ஜன்னல் வழியாக வரவும் போகவும் வைக்கிறான். அவள் சொல்வது அத்தனையும் சரி என்று படம் ஒப்புக்கொள்கிறது. அவன் மாறாதவரை அவள் திரும்புவதில்லை. கட்டுரையாளர் ப்ரோடிமேல் வைத்த புகார்களை ரெனே அவரைவிடக் கூர்மையாக வைத்துவிட்டாள். வித்தியாசம் ஒன்றுதான். அவள் கணக்குக் கேட்பது அன்புக்கு. இவர் கணக்குக் கேட்பது வேலைக்கு.

படத்தில் வேலையும் லட்சியமும் உள்ளவர்களைப் பாருங்கள். பிராண்டியின் அப்பா ஸ்வெனிங் தன் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்பதற்காக மகளையே மேடையில் உட்கார வைக்கிறார். பாதுகாவலர்களை ஏவி டி.எஸ்ஸை மாலிலிருந்து துரத்துகிறார். ஷானன் பெண்களைப் படுக்கைக்கான சரக்காக நடத்துகிறான். இருவரும் நன்றாக உடுத்தியிருக்கிறார்கள், இருவருக்கும் சம்பளம் வருகிறது. எதிரே, பையில் காசில்லாத இருவர் ஒருவனுக்காக இன்னொருவன் அடி வாங்கத் தயாராக இருக்கிறார்கள். எஸ்கலேட்டரில் தனியாக விளையாடும் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பக் கவனித்து, அதன் தாய்மேல் கோபப்படுகிறவன் ப்ரோடி மட்டும்தான். மற்ற எல்லோரும் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதர்களைப் பார்க்க அவனுக்குத்தான் நேரம் இருக்கிறது. வேலையை வைத்து ஒழுக்கத்தை அளக்கும் கண்ணுக்கு இது தட்டுப்படாது.

‘கதை இல்லை’ என்ற புகார் இருப்பதிலேயே அசட்டையானது. ஒரே நாள், ஒரே இலக்கு என்று இறுக்கிக் கட்டிய கேலிநாடகம் இது. போகிறபோக்கில் வந்துபோவதாகத் தோன்றும் ஒரு வீடியோ நாடா உச்சக் காட்சியில் ஷானனைச் சிக்கவைக்கிறது. ப்ரோடி ஸ்வெனிங்கிடம் நீட்டும் சாக்லேட் தின்பண்டம் நிகழ்ச்சி மேடையில் தன் வேலையைக் காட்டுகிறது. போட்டியில் கலந்துகொள்ள வேண்டிய ஜூலி ட்வையர் இறந்துபோனதால்தான் பிராண்டி அந்த இடத்துக்கு வருகிறாள். ‘க்ளெர்க்ஸ்’ படத்தில் எல்லோரும் போகும் சாவுவீடு இந்த ஜூலியுடையது. முதல் படத்தின் ஒரு கிளைச் செய்தியை இரண்டாவது படத்தின் மூல காரணமாக மாற்றிய கதாசிரியரைப் பார்த்துக் கதை கட்டத் தெரியாதவர் என்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், நிறைய அலட்சியம் வேண்டும்.

வாய்ச்சவடால் என்று அவர் ஒதுக்கும் பேச்சுதான் படத்தின் உயிர். மேல்மாடியில் இருக்கும் பிஸ்கட் கடை, கீழே இருக்கும் உணவுக்கூடத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று நண்பர்கள் தீவிரமாகத் தர்க்கம் செய்கிறார்கள். ஓர் இடத்தில் வளர்ந்தவர்கள், அதன் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர்கள்தான் அப்படிச் சண்டை போடுவார்கள். அந்தப் பேச்சைத் தூக்கிச் சுமக்கிறவர் ப்ரோடியாக வரும் ஜேசன் லீ. அவர் தொழில்முறை ஸ்கேட்போர்டு வீரராக இருந்தவர். 1992இல் ஸ்டீரியோ என்ற ஸ்கேட்போர்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய முதல் பெரிய வேடம் இது. கைப்பிடிகளையும் படிக்கட்டுகளையும், கட்டியவன் நினைத்தே பார்க்காத காரியத்துக்குப் பயன்படுத்தி, காவலாளிகளால் துரத்தப்படுவதே அந்த விளையாட்டின் தெருவாழ்க்கை. மாலை மாலாகப் பயன்படுத்த மறுக்கும் ஒருவனாக நடிக்க இவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க முடியாது. மூச்சுவிடாமல், கோபமும் குறும்பும் கலந்து அவர் பேசும் வேகத்தில், பேசுவதைத் தவிர வேறு சொத்தில்லாத ஒருவனின் கண்ணியம் இருக்கிறது.

இனி அந்தத் தோல்விக் கணக்கு. செலவு சுமார் 60 லட்சம் டாலர், அமெரிக்கத் திரையரங்குகளில் வசூல் சுமார் 21 லட்சம். தோல்விதான், மறுக்கவில்லை. ரோஜர் ஈபர்ட் போன்ற பெரிய விமர்சகர்களும் கைவிட்டார்கள். 1996இல் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது மேடையில் ஸ்மித் படத்துக்காக மன்னிப்பும் கேட்டார். கட்டுரையாளர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். அதே ஸ்மித் பத்தாண்டு நிறைவில் நீட்டித்த பதிப்பைக் கொண்டுவந்ததையும், 2001இலும் 2019இலும் ப்ரோடியைத் தன் படங்களுக்குள் மறுபடி அழைத்துவந்ததையும் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சாட்சிக்கு நிறுத்துவது வாதம் ஆகாது. வசூல் குறைந்ததால் படைப்புக்கு மதிப்பில்லை என்பது கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பு. விமர்சகர் அதைக் கடன் வாங்கலாகாது.

பழைய நினைவின் மயக்கம் என்பதும் எளிதில் உடையும். திரையரங்கில் யாரும் பார்க்காத படத்துக்குத் திரையரங்க நினைவு எங்கிருந்து வரும்? வாடகை வீடியோ கடைகளிலும் பிறகு டிவிடியிலும்தான் இது தன் ரசிகர்களைத் தேடிக்கொண்டது. 1995இல் பிறக்காதவர்களும் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு வெளிவந்த படங்கள் எத்தனையோ. நினைவுதான் காரணம் என்றால் எல்லாவற்றையும் நினைத்திருக்க வேண்டும். இதை ஏன் நினைக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கட்டுரையாளரிடம் விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ வரும் காட்சியில் இருக்கிறது. மார்வெல் நிறுவனம் திவால் மனு போட்டது 1996 டிசம்பரில். அதன் நாயகர்கள் திரையை ஆளத் தொடங்கியது 2000க்குப் பிறகு. காமிக்ஸ் படிப்பவனைக் கேலிப்பொருளாக மட்டுமே பார்த்த காலத்தில், ஸ்டான் லீ அவராகவே தோன்றி, காதலை இழந்த ப்ரோடிக்குப் பக்கத்தில் நின்று, தான் இழந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். எத்தனை காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தாலும் அவளுக்கு ஈடாகவில்லை என்று புரியவைக்கிறார். டி.எஸ். கேட்டுக்கொண்டதால்தான் அவர் வந்து பேசினார் என்பது பிறகு தெரிகிறது. தன் காதலே தொங்கலில் இருக்கும்போது, நண்பனுக்காக ஒருவன் செய்த காரியம் அது. 2019இல் வந்த ‘கேப்டன் மார்வெல்’ கதை 1995இல் நடக்கிறது. அதில் ஸ்டான் லீ ரயிலில் உட்கார்ந்து ‘மால்ராட்ஸ்’ திரைக்கதையைப் படித்து வசனம் பழகுகிறார். உலகின் மிகப் பெரிய திரை வணிகம், அந்தச் சிறிய தோல்விப் படத்துக்கு நன்றிக்கடன் செலுத்திய இடம் அது.

இந்தப் படத்தில் கண்டிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத ஒரு சிறுமியோடு ஷானன் உறவு கொண்டதைப் படம் கதைத் திருப்பமாகவும் சிரிப்பாகவும் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நின்று பார்க்கவே இல்லை. சில பகடிகளில் பெண்கள் வெறும் உடல்களாகச் சுருங்குகிறார்கள். டி.எஸ். பாத்திரத்துக்கு ரத்தமே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாலில் சும்மா திரியும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை என்பது. ப்ரோடி வெள்ளைக்காரப் பையன். காவலாளியிடமிருந்து அவன் தப்பி ஓடுவது நகைச்சுவை. கறுப்பினப் பையன் அதே ஓட்டம் ஓடினால் கதை வேறாகியிருக்கும். மால் ஆஃப் அமெரிக்காவின் 1996 விதி கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஸ்மித்தின் கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

படத்தின் மெய்யான குறைகள் இவை. கட்டுரையாளர் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சிறுமிக்கு நேர்ந்தது அவரை உறுத்தவில்லை, வேலையில்லாதவன் சிரித்தது உறுத்தியிருக்கிறது. யாரெல்லாம் அந்த மாலில் நிற்க முடியாது என்று அவர் கேட்கவில்லை, நிற்க முடிந்த இருவரும் ஏன் நின்றார்கள் என்று கேட்கிறார். அடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடிக்கக் கூடாத இடத்தில் அடித்திருக்கிறார். கடுமையாக எழுதுவது விமர்சகரின் உரிமை. எதைக் கடுமையாக எழுதுகிறோம் என்று தெரிந்திருப்பது அவருடைய கடமை.

காசு கொடுக்காமல் மனிதர்கள் கூடியிருக்கக்கூடிய இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நின்றால் காவலாளி வருகிறான், உட்கார்ந்தால் எதையாவது வாங்கச் சொல்கிறார்கள். அந்த நெருக்கடியை 1995லேயே உணர்ந்து, அதைப் பிரசங்கமாக்காமல் இரண்டு நண்பர்களின் சிரிப்பாக்கிக் கொடுத்த படம் ‘மால்ராட்ஸ்’. அதன் ஈர்ப்பு குறையாததற்குக் காரணம், அந்த நெருக்கடி தீரவில்லை என்பதே. அதை ரசிப்பவர்களைப் பார்த்துப் பழைய நினைவில் மயங்கியவர்கள் என்று சொல்வதற்கு முன், வாங்காதவனுக்கு இந்த ஊரில் எங்கே இடம் என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் பதில் எழுதட்டும். அந்தப் பதில் இல்லாதவரை அவர் எழுதியது ஷானன் ஹாமில்டனுக்கான வக்காலத்து. அதை விமர்சனம் என்று ஏற்க நான் தயாராக இல்லை.